கோடீஸ்வரர்களை விடுங்கள், கிணறுகளைப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாகத் தள்ளிவிட்டுப் போகாமல், இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

"இந்தியாவில் ஒரு கோடீஸ்வரக் கிராமம்" என்று ஒரு வீடியோ ஊர் வாட்ஸ்அப் குழுமங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுத்தமான தெரு, பச்சைப் பசேலென்ற வயல், சிரித்த முகத்தோடு பேசும் விவசாயிகள். அதன் கீழே நம்மவர்கள் எழுதியவற்றையும் பார்த்தோம். "எங்களுக்கும் இப்படி ஒரு தலைவர் கிடைக்க வேண்டுமே" என்பது ஒரு கருத்து. "எங்கட எம்பிமார் இத்தனை வருசமாக என்ன கிழித்தார்கள்?" என்பது இன்னொன்று. "அங்கே அரசாங்கம் அள்ளிக் கொடுக்கிறது, இங்கே யார் தருவார்?" என்பது மூன்றாவது.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கிராமத்தின் கதையில் முக்கியமான பகுதி மூன்றிலும் விடுபட்டுப் போயிருக்கிறது. அந்த மக்கள் முதலில் தங்களுக்குத் தாங்களே சில விடயங்களைக் "கூடாது" என்று தடுத்துக்கொண்டார்கள். பிறகு வருடம் ஒரு முறை ஊர் முழுக்கக் கூடியிருந்து தண்ணீருக்குக் கணக்குப் பார்த்தார்கள். தெருவும் கழிப்பறையும் பாடசாலையும் பாலும் பணமும் அதற்குப் பின்னால் வந்தவை. இந்த வரிசையைப் பற்றித்தான் நாம் பேச விரும்புகிறோம்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ஆங்கிலத்தில் மில்லியனர் என்றால் பத்து இலட்சம் உள்ளவர். அதை யாரோ கோடீஸ்வரர் என்று மொழிபெயர்த்து விட்டார்கள். அந்தக் கிராமத்தில் சில டசின் குடும்பங்கள் பத்து இலட்சம் இந்திய ரூபாயைத் தாண்டியவை என்பதுதான் செய்தி. வறண்ட நிலத்தில் விவசாயம் செய்யும் ஒரு சிறு கிராமத்துக்கு அதுவே பெரிய விடயம். கோடி தேவையில்லை.

கிராமத்தின் பெயர் ஹிவரே பஜார். இந்தியாவின் மஹாராஷ்டிர மாநிலத்தில், அஹ்மத்நகர் மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டத்தின் பெயரை அண்மையில் அஹில்யாநகர் என்று மாற்றியிருக்கிறார்கள். ஊரின் பரப்பு சுமார் 975 ஹெக்டேயர். சனத்தொகை ஆயிரத்து இருநூறு, முந்நூறு பேரளவில். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பக்கம் என்பதால், நல்ல வருடத்தில்கூட 400 மில்லிமீற்றர் அளவு மழைதான். அதுவும் பெரும்பாலும் ஜூனுக்கும் செப்டெம்பருக்கும் இடையில் கொட்டிவிட்டுப் போய்விடும். நமது கிழக்கில் ஒரு வருடத்துக்கு விழும் மழையில் கால்வாசி. நாம் வரட்சி என்று அழும் வருடத்து மழை, அவர்களுக்குப் பெருமழை வருடம்.

1972 இல் மஹாராஷ்டிரம் முழுவதையும் ஒரு கடும் பஞ்சம் தாக்கியது. ஹிவரே பஜார் அதிலிருந்து எழும்பவே இல்லை. மரத்தை வெட்டி விற்றார்கள். மலை மொட்டையானது. மொட்டை மலையில் விழுந்த மழை மண்ணையும் வாரிக்கொண்டு ஓடியது. கிணறு வற்றியது. ஊரில் இருபதுக்கு மேற்பட்ட இடங்களில் கள்ளச் சாராயம் ஓடியது. சண்டை, வழக்கு, பொலிஸ். வேலை தேடி மும்பைக்கும் பூனேக்கும் போனவர்கள் திரும்பி வரவில்லை. அரச உத்தியோகத்தர்களைத் தண்டனை இடமாற்றமாக அனுப்பும் ஊர் என்ற பெயர் அதற்கு வந்தது. அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஆசிரியர்களும் இருந்திருப்பார்கள். தண்டனையாக வந்த ஆசிரியர் எப்படிப் படிப்பித்திருப்பார் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1995 இல் அங்கிருந்த 182 குடும்பங்களில் 168 வறுமைக் கோட்டுக்குக் கீழே என்பது பதிவாகியிருக்கும் கணக்கு.

1989 இல் போபட்ராவ் பவார் என்ற இளைஞரை ஊரார் போட்டியின்றி சர்பஞ்ச், அதாவது கிராமத் தலைவராக, தெரிவு செய்தார்கள். வணிகத்தில் முதுமாணிப் படிப்பு முடித்தவர், கிரிக்கெட் ஆட்டக்காரர். இந்திய அரசு 2020 ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருதை அவருக்கு அறிவித்தது. அவர் நல்ல தலைவர் என்பதில் சந்தேகமில்லை. அவரிடம் மந்திரக் கோல் எதுவும் இருக்கவில்லை. அதே மாவட்டத்தில், அன்னா ஹசாரேயின் ராலேகான் சித்தி என்ற கிராமம் ஏற்கனவே தண்ணீரைச் சேமித்து மீண்டிருந்தது. ஹிவரே பஜார் மக்கள் அதைப் பார்த்துப் படித்தார்கள். பக்கத்து ஊரைப் பார்த்துப் பொறாமைப்படாமல் படிப்பதும் ஒரு தகுதிதான்.

இனி அவர்கள் செய்த வேலைக்கு வருவோம். இதைப் பத்தாம் ஆண்டு மாணவன் போடக்கூடிய கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேயர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 10,000 லீற்றர் தண்ணீர். 975 ஹெக்டேயரில் 400 மில்லிமீற்றர் விழுந்தால் 390 கோடி லீற்றர். குடிக்க வழியில்லை என்று கிராமத்தை விட்டு ஓடியவர்களின் தலைக்கு மேலே வருடா வருடம் விழுந்த தண்ணீர் அவ்வளவு. அது அங்கே நிற்கவில்லை, அவ்வளவுதான் பிரச்சினை.

தக்கண மேட்டுநிலத்தின் அடியில் இருப்பது எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை. மேலே உதிர்ந்துபோன ஒரு படை, அதன் கீழே வெடிப்புகள், அதற்கும் கீழே இறுகிய கல். மழைநீர் மெதுவாக இறங்கினால் அந்த மேற்படையிலும் வெடிப்புகளிலும் தங்கும். திறந்த கிணறுகளில் ஊறும். வேகமாக ஓடினால் ஒரு மணித்தியாலத்தில் ஆற்றுக்குப் போய்விடும். ஆகவே மலைச் சரிவில் சமவுயரக் கோடுகளை ஒட்டி நீண்ட அகழிகள் வெட்டினார்கள். ஓடைகளில் மண் அணையும் கல் அணையும் கட்டினார்கள். நீர் கசிந்து இறங்கும் சிறு குளங்கள் அமைத்தார்கள். மரம் நட்டார்கள். இதில் பெரும் பகுதிக்கு மாநில அரசின் வேலை உத்தரவாதத் திட்டக் காசு வந்தது. ஆகவே "அரசாங்கம் கொடுத்தது" என்பது பொய்யில்லை. ஆனால் அதே திட்டத்தின் காசு மஹாராஷ்டிரத்தின் எல்லா மாவட்டங்களுக்கும்தான் போனது. எல்லா ஊரும் ஹிவரே பஜார் ஆகவில்லை. அகழி வெட்டக் காசு போதும். வெட்டிய அகழிக்குள் ஆடு மாடு இறங்காமல், நட்ட கன்றை யாரும் வெட்டாமல், ஊறிய தண்ணீரை ஒருவரே உறிஞ்சாமல் காப்பதற்கு எந்த அரசாங்கமும் ஆள் போட முடியாது.

ஹிவரே பஜாரின் கெட்டித்தனம் இந்தக் காவலில்தான் இருக்கிறது. மரத்தில் கோடரி வைக்கக் கூடாது என்றார்கள். மலையில் கால்நடையை அவிழ்த்து விட்டு மேய்க்கக் கூடாது, புல் வேண்டுமென்றால் அரிவாளால் அறுத்துக் கொண்டு போகலாம் என்றார்கள். சாராயம் கூடாது என்றார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பொது வேலைக்கு உடல் உழைப்புத் தர வேண்டும் என்றார்கள். அதற்கு அவர்கள் மராத்தியில் சொல்லும் சொல் நாம் ஊரில் கான் துப்புரவாக்கும்போது சொல்லும் அதே சொல்தான்: சிரமதானம். ஐந்தாவது குடும்பக் கட்டுப்பாடு. அது நம் சமூகத்தில் வேறு விதமாகப் பேசப்படும் விடயம். ஓர் ஊர் தனக்குப் போட்ட சட்டத்தை இன்னோர் ஊர் வரிக்கு வரி நகலெடுக்க வேண்டியதில்லை.

இவற்றைவிடக் கடினமான தடை பின்னால் வந்தது. பாசனத்துக்கு ஆழக் குழாய்க் கிணறு தோண்டக் கூடாது. கரும்பு, வாழை போன்ற தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும் பயிர்களைப் போடக் கூடாது.

இதன் கனத்தை யோசித்துப் பாருங்கள். கரும்புக்கு மஹாராஷ்டிரத்தில் நிச்சயமான சந்தை உண்டு. ஆலை வந்து எடுத்துக்கொள்ளும். கையில் காசு உள்ளவன் குழாய் இறக்கி மோட்டார் பூட்டினால் தனக்கு மட்டும் வருடம் முழுக்கத் தண்ணீர் எடுக்கலாம். "என் காணி, என் காசு, என் கிணறு, உனக்கென்ன?" என்று கேட்டால் சட்டப்படிப் பதில் சொல்வதும் கஷ்டம். ஆனால் நிலத்துக்கு அடியில் வேலி இல்லை. ஒருவன் ஆழத்தில் உறிஞ்சினால் பக்கத்து வீட்டுத் திறந்த கிணறு இறங்கும். அவனும் கடன்பட்டு இன்னும் ஆழமாகத் தோண்டுவான். இந்தப் போட்டியில் கடைசியில் வெல்பவன் யாருமில்லை. தோற்பவன் மட்டும் முதலிலேயே தெரிந்து விடுவான்: தோண்டக் காசில்லாதவன்.

இந்தப் போட்டி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதே மாநிலத்தில் சாட்சி இருக்கிறது. 2016 ஏப்ரலில் லாத்தூர் நகரத்துக்கு ரயிலில் குடிநீர் கொண்டு போனார்கள். மிரஜ் என்ற ஊரிலிருந்து சுமார் 340 கிலோமீற்றர். முதல் ரயிலில் ஐந்து இலட்சம் லீற்றர். அந்தப் பகுதியில் அன்றும் கரும்பு நின்றது, சீனி ஆலைகள் இருந்தன. மஹாராஷ்டிரத்தின் பயிர் நிலத்தில் கரும்பு பிடிக்கும் இடம் நூற்றுக்கு நான்கு, ஐந்து அளவுதான். பாசன நீரில் பாதிக்கு மேல் அதற்கே போகிறது என்று அரசின் விவசாய விலை ஆணைக்குழுவே எழுதி வைத்திருக்கிறது. மழை குறைந்தது உண்மை. மழை குறைவான ஹிவரே பஜாருக்கு ரயில் போகவில்லை என்பதும் உண்மை.

அடுத்தது கணக்கு. நம்மைப் பொறுத்தவரை முழுக் கதையிலும் மிகப் பெறுமதியான பகுதி இதுதான். ஊரில் மழைமானிகள் வைத்திருக்கிறார்கள். சில கிணறுகளைத் தெரிந்தெடுத்து அவற்றின் நீர்மட்டத்தை அளக்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் இந்த வருடம் எவ்வளவு தண்ணீர் உள்ளே இறங்கியது என்று கணக்குப் போடுகிறார்கள். பிறகு கிராம சபை கூடுகிறது. அதை நமது பிரதேச சபையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நமது பிரதேச சபையில் தெரிவான உறுப்பினர்கள் மட்டும் இருப்பார்கள். அங்கே கிராம சபை என்றால் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஆண், பெண் அத்தனை பேரும். 1993 இல் நடைமுறைக்கு வந்த 73 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அதற்கு இந்தியா முழுவதும் இடம் கொடுத்திருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் தண்ணீரைப் பங்கு பிரிக்கும் வரிசை இது. முதலில் மனிதர் குடிக்க. பிறகு கால்நடைகளுக்கு. பிறகு வீட்டுத் தேவைகளுக்கு. மீதியில் நூற்றுக்கு எழுபது பாசனத்துக்கு. முப்பதை எடுக்காமல் நிலத்துக்குள்ளேயே வரும் காலத்துக்கு விட்டுவிடுவது. மழை குறைந்த வருடம் என்றால் எந்தப் பயிர் வேண்டாம், எவ்வளவு நிலத்தை விடுவது என்று அங்கேயே முடிவாகும். பெரிய காணிக்காரனுக்கும் அதே முடிவு. அளவு எல்லோர் முன்னாலும் கரும்பலகையில் இருக்கிறது. அதனால் "எனக்கு மட்டும் ஏன் குறைத்தாய்?" என்று சண்டை பிடிக்க இடமில்லை.

நாம் ஆசிரியர்கள். வகுப்பில் ஒரு விடயத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறோம். "ஒழுங்காக இரு" என்று கத்தினால் பிள்ளை கேட்காது. புள்ளியைச் சுவரில் ஒட்டிவிட்டால் பேசாமலே கேட்கும். ஊருக்கும் அப்படித்தான். உபதேசம் செய்து யாரையும் தண்ணீர் சேமிக்க வைக்க முடியாது. ஓடும் ஆற்றில் வுழூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று சின்ன வயதில் மத்ரஸாவிலேயே படித்த சமூகம் நாம். படித்தது எல்லோருக்கும் தெரியும். நமது கிணறு போன வருடத்தைவிட எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்?

இவ்வளவுக்கும் பிறகுதான் வசதிகளின் பட்டியல் வருகிறது. சுமார் 90 ஆக இருந்த திறந்த கிணறுகள் முந்நூறை நெருங்கின. புல் வளர்ந்ததால் ஆட்டுக்குப் பதில் கறவை மாடு வந்தது. ஒரு நாளைக்கு 150 லீற்றர் அளவில் இருந்த பால் 4,000 லீற்றர் அளவுக்கு உயர்ந்தது. கம்பும் சோளமும் மட்டும் விளைந்த நிலத்தில் வெங்காயமும் மரக்கறியும் விளைந்தன. வீட்டுக்கு வீடு கழிப்பறை, குழாயில் குடிநீர், சாண எரிவாயு, நல்ல பாடசாலை. நகரத்துக்குப் போன குடும்பங்கள் பல பத்துக் கணக்கில் திரும்பி வந்தன. எமது பார்வையில் இதுதான் ஒரு கிராமத்தின் உண்மையான பரீட்சைப் பெறுபேறு. தெருவில் கொங்கிரீட் போட்டிருப்பதை வைத்து ஓர் ஊர் முன்னேறிவிட்டது என்று சொல்ல முடியாது. வெளியே போன பிள்ளை விரும்பித் திரும்பி வருகிறானா என்பதை வைத்துச் சொல்லலாம்.

கொரோனா காலத்தில் இந்தியா முழுவதும் பாடசாலைகள் பூட்டிக் கிடந்தபோது, 2021 நடுப்பகுதியில் ஹிவரே பஜார் தொற்று இல்லாத கிராமமாகித் தன் பாடசாலையைத் திறந்தது. வீடு வீடாகப் போய்ப் பார்க்கவும், நோயாளியைத் தனியாக வைக்கவும், வெளியே போய் வருபவரைக் கவனிக்கவும் அவர்களுக்குப் புதிய அமைப்பு எதுவும் தேவைப்படவில்லை. தண்ணீருக்காகக் கூடிப் பழகிய ஊர், நோய்க்கும் கூடியது.

இன்னொரு விடயத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த இந்துக் கிராமத்தில் ஒரேயொரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. அந்த ஒரு குடும்பத்துக்காக ஊரார் சேர்ந்து ஒரு பள்ளிவாசல் கட்டிக் கொடுத்தார்கள் என்று இந்தியப் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. இன்றைய இந்தியாவில் இந்தச் செய்தியின் பெறுமதியை நாம் விளக்க வேண்டியதில்லை. உணர்ச்சிவசப்படுவதற்காக இதைச் சொல்லவும் இல்லை. கணக்கு எழுதும் ஊர் ஒருவரையும் விட்டுவிட்டு எழுதாது. இருநூறு குடும்பங்களில் ஒன்றாக இருந்தாலும் அதற்கும் ஒரு வரி உண்டு. நாம் பெரும்பான்மையாக வாழும் ஊர்களில், நம்மிடையே வாழும் ஒன்றிரண்டு குடும்பங்களுக்கு அப்படி ஒரு வரி இருக்கிறதா என்பது நாம் நம்மிடமே கேட்க வேண்டிய கேள்வி.

இனி, இந்தக் கதைக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் ஒளிக்காமல் சொல்வோம்.

ஒன்று, ஒரே தலைவரை நம்பிய ஊர் அவருக்குப் பிறகு என்னவாகும்? நியாயமான பயம். நமது பதில் இதுதான்: ஆள் மாறினாலும் மழைமானி மாறாது. அளவு பதிவில் இருக்கும் வரை அடுத்தவர் வந்து பொய் சொல்வது கஷ்டம். பதிவு நின்றால் ஊரும் நிற்கும்.

இரண்டு, தடைகளின் பாரம் எல்லோர் மேலும் சமமாக விழாது. மேய்ச்சலைத் தடுத்தால் முதலில் அடிபடுபவன் காணியில்லாத ஆட்டுக்காரன். கிணறு நிறைந்தால் முதலில் இலாபமடைபவன் காணிக்காரன். இது ஹிவரே பஜாருக்கு மட்டும் உரிய குறை இல்லை. நிலத்தைப் பாதுகாக்கும் எந்தத் திட்டத்திலும் இது உண்டு. புல்லை அறுத்து எடுக்கவும், பொது வேலையில் கூலி பெறவும் ஏழைக்கு முதல் உரிமை தராத எந்த ஊரும் இப்படித் தடை போட்டால் அது ஏழையின் வயிற்றில் அடித்ததாகத்தான் முடியும்.

மூன்று, ஆயிரத்து முந்நூறு பேர் கூடி முடிவெடுப்பது இலகு, முப்பதாயிரம் பேருள்ள ஊரில் எப்படி? உண்மை. ஆனால் முப்பதாயிரம் பேரும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பதில்லையே. ஒவ்வொரு கண்டமும் ஒரு ஹிவரே பஜார் அளவுதான்.

இங்கேதான் நமது ஊருக்கு உண்மையான தொடர்பு வருகிறது. கணக்குப் பார்த்து விதைப்பது நமக்குப் புதிதில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதிக்குள் விதைத்து முடிக்க வேண்டும் என்று அங்கே தீர்மானிக்கிறார்கள். தண்ணீர் குறைந்த வருடத்தில் காணியின் ஒரு பகுதியை மட்டும் விதைத்து அதை எல்லோருமாகப் பங்கு போட்டுக்கொள்ளும் வழக்கமும் இந்த நாட்டில் பழங்காலம் தொட்டு உண்டு. சிங்களத்தில் அதைப் பெத்ம என்பார்கள். ஹிவரே பஜார் முப்பது வருடமாகக் கட்டியெழுப்பிய பழக்கத்தின் வேர் நமது கையில் ஏற்கனவே இருக்கிறது.

ஆனால் நிலைமை என்ன? கூட்டம் நடக்கும் நாளில் வீட்டிலிருந்துவிட்டு, தண்ணீர் வராத நாளில் வட்டவிதானையோடு சண்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தீர்மானித்த திகதி போய் இரண்டு கிழமைக்குப் பிறகு விதைத்துவிட்டு, இன்னும் ஒரு தண்ணீர் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வாய்க்காலின் தலைப்பில் இரவோடு இரவாக மதகைத் திறப்பவருக்கும் கடைசியில் வரண்டு கிடப்பவருக்கும் இடையில் வருடா வருடம் அதே பிணக்கு. இன்னொரு பக்கம், குளத்துத் தண்ணீரைப் பற்றியாவது பேசுகிறோம், நிலத்தடித் தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. வளவுக்கு வளவு குழாய்க் கிணறு இறங்குகிறது. யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதற்கு எந்தக் கொப்பியும் இல்லை.

எம்பி வந்து இதைச் சரி செய்ய முடியாது. வெளிநாட்டு நிதி வந்தும் முடியாது. காசு வந்தால் இன்னொரு கட்டடம் வரும், திறப்பு விழா வரும், பெயர்ப் பலகை வரும். தண்ணீர் வராது.

ஆகவே நாம் ஒரு சிறிய யோசனையை முன்வைக்கிறோம். பெரிதாக எதுவும் வேண்டாம்.

பாடசாலை வளவில் ஒரு மழைமானி வைப்போம. மழைமானி படத்தைக் கீறி, பெயரிட்டுப் புள்ளி வாங்கிய பிள்ளைகள் நம் ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு தடவையாவது உண்மையான மழைமானியை வாசிக்கட்டும். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் ஏறத்தாழ 4,000 லீற்றர் என்பதை வாப்பாவின் காணிக்குக் கணக்குப் போட்டு வீட்டில் போய்ச் சொல்லட்டும். ஊரின் மேட்டுப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, வயலோரம் ஒன்று என மூன்று திறந்த கிணறுகளைத் தெரிந்தெடுப்போம். கிழமைக்கு ஒரு தடவை கயிறும் கல்லும் கொண்டு நீர்மட்டத்தை அளந்து எழுதுவோம். அந்த நான்கு இலக்கங்களையும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையிலும் விவசாய அமைப்பின் பலகையிலும் போடுவோம். தர்க்கம் வேண்டாம், பயான் வேண்டாம், இலக்கம் மட்டும்.

ஒரு வருடம் எழுதினால் ஒரு கொப்பி நிறையும். அடுத்த ஆரம்பக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பியைக் கொண்டு போவோம். "இந்த வருடம் தண்ணீர் குறைவு" என்று ஒருவர் சொல்லும்போது "எவ்வளவு குறைவு?" என்று கேட்கவும், பதில் சொல்லவும் ஊரில் ஆள் இருக்கும். யார் எதைக் கைவிட வேண்டும் என்ற கஷ்டமான பேச்சை அதற்குப் பிறகு பேசலாம். அளவில்லாமல் அந்தப் பேச்சைத் தொடங்கினால் அது வழக்கம்போல ஆளுக்கு ஆள் சண்டையில்தான் முடியும்.

பெரும்போக மழை தொடங்க முன்னர் இதை ஆரம்பித்தால் நல்லது. தங்கள் கிணற்றை அளக்க விரும்பிக் கொடுக்கக்கூடியவர்கள், குறிப்பாக மேட்டுப் பக்கத்தில் திறந்த கிணறு வைத்திருப்பவர்கள், எம்மோடு பேசுங்கள். கயிறும் கொப்பியும் எடுத்துக்கொண்டு நாம் பிள்ளைகளோடு வருகிறோம்.

வஸ்ஸலாம்.